சங்கத்தக்காவிடம் ஓம் செல்லாது

"தலையாட்டாத புள்ள. வாயால சொல்லு."

சங்கத்தக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு இது. தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டார், நான் மரியாதைக்குத் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு இப்படி ஒரு வெடி. நான் நாவற்குடாவில் பிறந்து வளர்ந்தவள், எனக்கும் வாய் குறைவில்லை. "ஓம் அக்கா, குடிக்கிறன்" என்று சத்தமாகச் சொன்னேன்.

"சீனி?"

"நீங்க போடுற அளவு."

"அது பதில் இல்ல. எவ்வளவு?"

"ரெண்டு கரண்டி!" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டேன்.

"இப்பதான் பேசுறாய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இந்த மனிசியோடு என்ன வேலை செய்து கிழிக்கப் போகிறேன் என்று அங்கேயே நினைத்தேன்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு சந்தை ஆய்வுக் கொம்பனி. சவர்க்காரம் விற்கிறவர், தேயிலை விற்கிறவர், வங்கிக்காரர் என்று கேட்டு வருகிற எல்லாருக்கும், சனம் என்ன நினைக்கிறது என்று விசாரித்துச் சொல்வதுதான் அதன் பிழைப்பு. மட்டக்களப்புப் பக்கத்தில் அதற்குக் கையும் காலும் நான். பெண் பிள்ளைகளைச் சேர்த்து, கேள்வி கேட்கப் பழக்கி, வீடு வீடாக அனுப்பி, அவர்கள் எழுதி வருகிற பதில்களை மூட்டையாகக் கட்டி கொழும்புக்கு பஸ் ஏற்றுவேன். அங்கே குளிரூட்டிய அறைக்குள் இருப்பவர்கள் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு எண் போட்டு, எண்களைக் கூட்டி, படம் கீறி அறிக்கையாக்குவார்கள்.

சங்கத்தக்கா தேற்றாத்தீவில் ஒரு பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சுனாமியில் கடல் வந்த அன்றும், பிறகு சண்டையிலும் புருசனை இழந்த பெண்கள்தான் அந்தச் சங்கத்தில் கூடுதல். சிவப்பரிசியை இடித்து வறுத்து, பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் மா விற்றார்கள். கிழக்கில் சண்டை ஓய்ந்து பாதைகள் திறந்த கையோடு ஒரு உதவி நிறுவனம் வந்து, பெரிய மா மில் ஒன்று போட்டுத் தருகிறோம் என்றது. பாதி உதவி, பாதி வங்கிக் கடன். கடனுக்கு அந்தப் பெண்கள் ஆளுக்காள் பிணை. மா விற்றால் தப்பினார்கள். விற்காவிட்டால் கடல் விட்டுவைத்த வீட்டு வளவும் காதில் கிடந்த தோடும் போய்விடும். அதற்காகத்தான், இந்த மாவுக்குச் சந்தை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி நிறுவனம் எங்கள் கொம்பனியைப் பிடித்தது. அப்படித்தான் நான் அந்த அக்காவின் கையில் அகப்பட்டேன்.

உலகத்தில் அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று இருந்ததென்றால் அது 'ஓம்'. எங்கள் பக்கத்தில் ஆமாம் என்பதற்கு அதுதான் சொல். ஆனால் கையில் தாளும் பேனையுமாக ஒருவர் வந்து நின்றால், அவர் எதைக் கேட்டாலும் சொல்கிற சொல்லும் அதுதான். அக்கா அதற்கு ஒரு கதை வைத்திருந்தார். கடல் வந்த பிறகு பள்ளிக்கூட முகாமில் இருந்தபோது நடந்தது.

"'உங்களுக்கு வள்ளம் வேணுமா' எண்டு கேட்டுக்கொண்டு வந்தாங்க புள்ள. எல்லாரும் ஓம். மேசன் வேலை செய்யிறவர் ஓம். கோயில் ஐயரும் ஓம். தைக்கிற மனிசி ஒருத்தி, தண்ணியக் கண்டாலே நடுங்கிறவள், அவளும் ஓம்! வேணாம் எண்டு சொன்னா அடுத்த சாமானுக்கும் பேரை வெட்டிருவாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க அக்கா?"

"நானும் ஓம்தான். நான் என்ன வானத்திலேருந்து குதிச்சவளா? வள்ளமும் வந்தது. என்ட கோழியெல்லாம் அதுக்குள்ளதான் முட்டை இட்டது."

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். பிறகு சட்டென்று நிறுத்துவார். "மீன் பிடிக்கிறவனுக்கு ஒரு வள்ளம் இல்லாமப் போனது, எங்கட ஓமால" என்பார். அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

அதே முகாமில் நடந்த இன்னொன்றை அவர் சொல்லவில்லை, சங்கத்துப் பெண் ஒருத்தி சொன்னாள். குடும்ப விவரம் எழுத வந்தவர், புருசன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று கேட்டிருக்கிறார். தாளில் இரண்டே கட்டம். அக்காவின் புருசன் கடல் வந்த அன்று காலையில் வலை பார்க்கக் கடற்கரைக்குப் போனவர். உடல் கிடைக்கவில்லை. "இன்னும் காணல்ல. அதுக்கு ஒரு கட்டம் போடு" என்றாராம் அக்கா. அப்படி ஒரு கட்டம் இல்லையம்மா, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று அவர் கெஞ்சியிருக்கிறார். அக்கா அவர் கையிலிருந்த பேனையைப் பிடுங்கி, தாளின் ஓரத்தில் தானே ஒரு கட்டம் கீறி, அதற்குள் சரி போட்டுக் கொடுத்தாராம். அந்த வரிசையில் பின்னால் நின்ற பெண்களும், எங்களுக்கும் அந்தக் கட்டம்தான் என்று கேட்டார்களாம். இதை அறிந்த அன்றுதான் எனக்கு அக்காவின் மேல் கோபம் போய் வேறு ஏதோ வந்தது.

இப்படிப்பட்ட ஆள் எங்களைப் போன்றவர்களை வாசலிலேயே வைத்துத் துரத்தியிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை. முதல் கூட்டத்துக்குக் கொழும்பிலிருந்து அறிக்கை எழுதுகிற கொம்பனித் தம்பி வந்திருந்தார். மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படித்து மேலே வந்த பிள்ளை. சலவை மடிப்புக் குலையாத சட்டையோடு வந்து பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

"வைத்தியரிட்டயும் வக்கீலிட்டயும் பொய் சொல்லக்கூடா எண்டுவாங்க. சர்வேக்காரரையும் அதில சேர்த்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டு, தங்கள் மாவின் குறை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எடுத்து வைத்தார். மாரிக்கு வண்டு விழுகிறது. வறுக்கிற கைக்குக் கை நிறம் மாறுகிறது. ஒரு கடைக்காரர் மொத்தமாகத் திருப்பி அனுப்பினார். பக்கத்தில் இருந்த பெண்கள் அவர் சீலையைப் பிடித்து இழுத்தார்கள். விற்கப் போகிற சாமானின் குற்றத்தை இப்படியா வெளியாருக்கு அவிழ்ப்பது? அவர் கேட்பதாக இல்லை. எல்லாம் முடிந்த பிறகு தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

"இனி நீங்க சொல்லுங்க. உங்களால எது ஏலா?"

தம்பிக்குப் புரியவில்லை. எங்களிடம் வருகிற எல்லாரும் எங்களால் என்ன முடியும் என்றுதான் கேட்பார்கள். முடியாததை யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சனங்க என்ன சொல்றாங்கன்னு சொல்லலாங்க அக்கா. என்ன செய்வாங்கன்னு சொல்ல முடியாது" என்றார்.

"இதை முதல் பக்கத்தில எழுதுங்க தம்பி" என்றார் அக்கா. "இது போதும், உங்கள நம்பலாம்."

நம்பினாரே தவிர விட்டுவைக்கவில்லை. கேள்வித் தாளை எங்களோடு உட்கார்ந்து வரி வரியாக வாசித்தார். 'இந்தச் சத்தான மா உங்களுக்குப் பிடித்திருக்கிறதா' என்று ஒரு கேள்வி. "சத்தான எண்டு நீயே சொல்லிட்டு மறுகா ஏன் கேக்கிறாய்? வெட்டு அத" என்றார். வாரம் தவறாமல் வந்து, பிள்ளைகள் எங்கே போனார்கள், எந்த வீட்டில் கதவு திறக்கவில்லை என்று கேட்பார். எனக்கு மாமி இல்லாத குறையைத் தீர்த்து வைத்தார்.

கெட்ட செய்தி கொண்டு போனால் முதலில் ஏச்சு, பிறகுதான் தேத்தண்ணி. மாதிரிக்கு வீடுகளில் கொடுத்த மா சாக்கு மணக்கிறது என்று சனம் சொன்னதை ஒருநாள் போய்ச் சொன்னேன். "உன்ட மூக்கில சளி!" என்று கையில் இருந்த அகப்பையை ஓங்கினார். நான் ரோசத்தோடு வந்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் முதல் பஸ் பிடித்து நாவற்குடாவுக்கு வந்து என் வீட்டு வாசலில் நிற்கிறார். "பிட்டு அவிச்சுத் திண்டு பாத்தன். சாக்கு மணக்குதுதான்" என்றார். மன்னிப்புக் கேட்கிற வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. கொண்டுவந்த மரவள்ளிக் கிழங்கை என் கையில் திணித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிப் போனார். அந்தக் கிழமையே சாக்குகள் எல்லாம் மாறின.

ஆனால் அந்தத் தலையாட்டல் விசயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒருமுறை பிள்ளைகள் வேலை செய்வதைப் பார்க்க அவரும் நானும் செங்கலடிக்குப் போயிருந்தோம். சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஏதோ கேட்டார், பழக்கதோசத்தில் தலையை ஆட்டிவிட்டேன். ஏசத் தொடங்கினார். நல்ல வெயில், பசி வேறு. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன அக்கா நீங்க! தலையாட்டினா தலை போயிருமா?"

"போகும்" என்றார். "என்ட தம்பிக்குப் போனது."

பிறகு வேறெதையோ பேசுவது போல, குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னார். அப்போது அக்காவுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. இராணுவத்தினர் ஊரைச் சுற்றி வளைத்து ஆம்பிளைகளை எல்லாம் மைதானத்துக்குக் கொண்டுபோய், வரிசையாக நடக்க விட்டிருக்கிறார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் ஒரு வாகனத்தில் இருந்திருக்கிறான். தலையாட்டி என்று எங்கள் ஊரில் சொல்வோம். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவரைப் பிரித்து ஏற்றுவார்கள். அக்காவின் தம்பி நடந்து வந்தபோது தலை ஆடியது. அவ்வளவுதான்.

"வாய் திறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, ஆர்ட குரல் எண்டாவது எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவன் சொல்லல்ல. ஆட்டினான்."

பஸ் வந்தது. ஏறியதும் அக்கா, மிச்சக் காசு பிறகு தருகிறேன் என்ற கொண்டக்டரோடு சண்டை பிடித்து, இறங்கும் வரை அவரை விடவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தேன். அதன் பிறகு அவர் முன்னால் என் தலை தானாகவே ஆடாமல் நின்றது.

வடக்கிலும் சண்டை முடிந்துவிட்டதாக அறிவித்த நாட்களில் டவுனில் வெடி கொளுத்தினார்கள். மைக்கோடு ஒருவர் வீதியில் போகிறவர்களை மறித்து, சந்தோசமா, சந்தோசமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் ஓம், ஓம் என்று சொல்லி நழுவினார்கள். நானும் அப்படித்தான் நழுவினேன். என் பின்னால் வந்த அக்கா நின்றார். "வெடிச் சத்தம் நிண்டது சந்தோசம். நீங்க இப்ப கொளுத்திறத நிப்பாட்டினா இன்னும் சந்தோசம்" என்றார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை ஓடினேன். பயத்தில் எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்குக் கோபத்தில்.

சரி, அறிக்கைக்கு வருகிறேன். சங்கக் கட்டடத்தில் கூட்டம். உதவி நிறுவனத்தின் திட்ட அதிகாரி கேக் வாங்கி வந்திருந்தார், முடிவை முன்பே எடுத்துவிட்டார் என்று அப்போதே விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். கொம்பனித் தம்பி சுவரில் வெள்ளைச் சீலை கட்டிப் படம் காட்டினார். மாதிரி மா வாங்கிய வீடுகளில் மிகப் பெரும்பாலானவர்கள் 'மீண்டும் வாங்குவேன்' என்று சொல்லியிருக்கிறார்கள். படத்தில் அந்தப் பதிலுக்குக் கீறிய கட்டை மற்றெல்லாக் கட்டைகளுக்கும் மேலாக நின்றது. பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி அழுதே விட்டாள். திட்ட அதிகாரி, இந்த மாதமே கடனுக்குக் கையெழுத்து வைத்துவிடலாம் என்றார்.

"ஆரு சொன்னது?" என்றார் அக்கா.

கைதட்டல் நின்றது.

"மீண்டும் எண்டு எங்கட ஊர்ல ஆர் பேசிறது? ரேடியோவிலதான் அப்பிடிப் பேசுவாங்க. சனம் வாயால என்ன சொன்னது? அத வாசிங்க."

தம்பி என்னைப் பார்த்தார். நாங்கள் கேட்டதைக் கேட்டபடிதான் எழுதி அனுப்பியிருந்தோம். அவர் பையிலிருந்து தாள்க்கட்டை எடுத்து வாசித்தார். "மறுகா வாங்குவம்." அடுத்தது. "நல்லாத்தான் இருக்கு, மறுகா வாங்குவம்." அடுத்தது. "மறுகா பாப்பம், மறுகா வாங்கலாம்."

முதலில் சிரித்தது நான்தான். அடக்க முடியவில்லை. பிறகு பாயில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக விளங்கிக்கொண்டு சேலையால் வாயைப் பொத்தினார்கள். தம்பிக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

"மறுகா எண்டா என்ன தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார் அக்கா.

"இன்னொரு தடவ. எங்க வீட்டுல 'மறுக்கா சோறு போடு'ன்னா, திரும்பவும் போடுன்னுதானே?"

"எங்கட வீட்டில மறுகா எண்டா பிறகு. இப்ப இல்ல, பிறகு. கடன் கேட்டு வாறவனுக்கும் மறுகா. கலியாணம் பேசி வாற தரகருக்கும் மறுகா. வந்த ஆளுக்கு முகத்துக்கு நேர இல்லை எண்டு சொல்ல எங்கட சனத்துக்கு வாய் வராது. அதுக்குத்தான் இந்தச் சொல்லு."

தம்பியின் முகம் வெளிறிப் போனது. கொழும்பில் எண் போட்டவர்களுக்கு 'மறுகா என்றால் திரும்பவும்' என்று எழுதிக் கொடுத்ததே அவர்தான். மற்றவர்கள் என்றால் சமாளித்திருப்பார்கள். அவர் சமாளிக்கவில்லை. "தப்பு எங்களோடது. மறுபடி கேக்கணும்" என்று எழுந்து நின்று சொன்னார். திட்ட அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசு வாங்கிக்கொண்டு ஒரு சொல்லுக்குக்கூட அர்த்தம் தெரியாத கொம்பனி என்று ஆரம்பித்தார்.

"தம்பிய ஏசாதீங்க சேர்" என்றார் அக்கா. "அவர் அவர்ட அம்மாட சொல்லைத்தான் எழுதியிருக்கிறார். அவர் பொய் எழுதல்ல. பிழையான நல்ல சேதிய ஆரும் தட்டிக் கேக்க மாட்டாங்க, அதுதான் பயம். கெட்ட சேதியா இருந்திருந்தா நீங்களே பத்துத் தரம் திருப்பிக் கேட்டிருப்பீங்க."

அதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கியது, அதுவும் சொந்தப் பெண்களோடு. நல்லா வந்ததை ஏன் கா கெடுக்கிறீங்க, பிறகு எண்டாலும் வாங்குவாங்கதானே, கையெழுத்து வைங்க என்று சுற்றி நின்று கத்தினார்கள். பாவம், அந்த மில்லை அவர்கள் மனதுக்குள் கட்டி முடித்துவிட்டிருந்தார்கள். அக்கா நடுவில் நின்றார்.

"கடல் ஒருத்தரையும் கேக்காம எடுத்தது. இந்தக் கடன் என்ட கையெழுத்தக் கேட்டு எடுக்கப் பாக்குது. நான் குடுக்க மாட்டன்."

தம்பி கொழும்புக்குப் போகவில்லை. கொம்பனியில் இருந்து வந்த தொலைபேசி அழைப்புகளுக்கு அவர் என்ன சொன்னார் என்று தெரியாது, வெளியே போய் நின்று பேசினார், காது சிவக்கத் திரும்பி வந்தார். அக்காவும் அவரும் நானும் உட்கார்ந்து, வாங்குவீங்களா என்று கேட்காமலே கேட்க ஒரு வழி தேடினோம். கடைசியில் தம்பிதான் சொன்னார், வாயை விட்டுவிட்டுக் கையைப் பார்ப்போம் என்று. பேசியதற்கு நன்றியாக இரண்டு சாமான்களைப் பாயில் வைப்பது. ஒன்று எங்கள் மா. மற்றது அதே விலைக்கு வெறும் சிவப்பரிசி. விரும்பியதை எடுங்கள். அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அது பாராட்டு.

கிராமங்களில் கைகள் எல்லாம் அரிசிக்கே போயின. "மா நாங்களே இடிப்பம், ஆர் வறுத்ததோ" என்றார்கள். டவுனில் ஆஸ்பத்திரித் தாதிமாரும் வாடகை அறைகளில் இருந்த பள்ளிக்கூட ரீச்சர்மாரும் மட்டும் மாவைப் பறித்துக்கொண்டு போனார்கள். உரலும் நேரமும் இல்லாதவர்கள். ஆக, சந்தை இருந்தது. இருக்கிற அடுப்புகளுக்கும் உரல்களுக்கும் அளவான சந்தை. பெரிய மில்லுக்குப் போதாது.

திட்ட அதிகாரியோ, மில் என்றால் மில், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று நின்றார். பொதுக் கூட்டம் கூடியது. தம்பி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். அதிகாரி அவருக்குப் பிறகு எழுந்து, மில் வந்தால் ஊர் எப்படி இருக்கும் என்று அழகாகப் பேசிவிட்டு, வேண்டும் என்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். ஒரு கை, இரண்டு கை, பிறகு எல்லாக் கையும். அவர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

"முடிஞ்சுது தானே, தலைவி?"

"எங்க முடிஞ்சது? உங்கட முகத்துக்கு முன்னால ஆர் சேர் கைய இறக்கி வைப்பாங்க?" என்றார் அக்கா. அடுப்படியிலிருந்து ஒரு பானையை எடுத்து, வாய்க்குச் சீலை கட்டி நடுவில் வைத்தார். வேண்டும் என்றால் புளியங்கொட்டை, வேண்டாம் என்றால் கல். சீலைக்குள் கையை விட்டுப் போட வேண்டும். பிறகு வெளியாட்கள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். அதிகாரி, தம்பி, நான். கடைசியாகத் தானும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"நீங்க ஏன் அக்கா வாறீங்க? நீங்களும் ஒரு வாக்குத்தானே" என்றேன்.

"நான் உள்ள நிண்டா என்னப் பாத்துப் பயந்து கல்லப் போடுவாளுகள். அது எனக்குத் தேவையில்ல."

வேப்ப மரத்து நிழலில் நின்றோம். நேரம் போனது. உள்ளே எண்ணுகிற சத்தம் கேட்டது, பிறகு பேச்சு, பிறகு ஒரு சிரிப்பு, பிறகு திரும்பவும் அமைதி. இவ்வளவு நேரம் எடுக்கிற வேலை இல்லை. அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டு நடந்தார். கதவைத் திறந்துகொண்டு பொருளாளர் வந்தாள். கூட்டங்களில் இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத, மெலிந்த பெண்.

"மில் வேணாமாம் சேர்" என்றாள். "கல்லுத்தான் கூட."

அதிகாரி தன் வாகனத்தைப் பார்த்து நடந்தார். அக்கா என்னைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். என் விலா எலும்பு நொந்தது. பொருளாளர் போகாமல் அங்கேயே நின்றாள்.

"என்ன புள்ள, வேற என்ன?"

"பானை இருந்ததுதானே அக்கா. நாங்களா இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாத்தம்."

"என்ன கேள்வி?"

"தலைவிய மாத்துறதா எண்டு."

அக்கா என்னை விட்டுவிட்டு அவள் முன்னால் போய் நின்றார்.

"மாத்தச் சொல்லித்தான் அக்கா கூடுதலா விழுந்திருக்கு. நீங்க இல்லாட்டி இண்டைக்கு நாங்க இல்ல, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா உங்களுக்கு முன்னால மூச்சு விட ஏலாமக் கிடக்கு" என்றாள். அக்காவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நன்றி கெட்டதுகள்!" என்று அக்கா வெடித்தார். கதவைப் பார்த்துக் கையை நீட்டி, ஊரையும் உறவையும் இழுத்து, நான் இங்கே எழுத முடியாததெல்லாம் சொன்னார். பிறகு வேப்பம் வேரில் தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. நான் கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார்.

"எத்தின வருசமா புள்ள, ஓம் அக்கா, ஓம் அக்கா எண்டவளுகள். எனக்கு ஒரு நாளும் காது கேக்கல்லப் பாத்தியா" என்றார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இதே கேள்விய நான் உள்ள நிண்டு கேட்டிருந்தா?"

"ஒருத்தரும் உண்மையச் சொல்லியிருக்க மாட்டாங்க அக்கா."

"அப்ப கேட்ட விதம் சரிதான்." மூக்கைச் சீறி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, அவிழ்ந்த கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு எழுந்தார். இடுப்பில் செருகியிருந்த சங்கக் கதவின் திறப்புக் கோர்வையை எடுத்துப் பொருளாளரின் கையில் வைத்தார். உள்ளே போய், எல்லாருக்கும் பின்னால், கதவோரப் பாயில் உட்கார்ந்தார். பெண்கள் திரும்பிப் பார்க்கப் பயந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொருளாளர்தான் புதுத் தலைவி என்று ஆனது. அவள் திறப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றாள். கடைசியில், கூட்டங்களில் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"ஆருக்கும் ஏதும் கேக்கக் கிடக்கா?"

கதவோரப் பாயிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"எனக்குக் கிடக்கு" என்றார் அக்கா. "ஒண்டில்ல, நாலு."